மேனேஜரின் ராஜினாமா

படிப்பு ஏற ஏறச் சில பேருக்கு மூக்குக்கு முன்னால் இருப்பது தெரியாமல் போய்விடுகிறது. இந்த அக்காக்காரியின் கதையை நினைத்தால் அவளைத் திட்டத்தான் வாய் வருகிறது. ஆனால் அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டதைப் பார்த்தால், நம் பங்குக்கு மிச்சம் எதுவும் இல்லை.

அவள் டாக்டர். மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு, கடைசி வருடம். பகலெல்லாம் வார்டு, மற்ற நேரமெல்லாம் புத்தகம். எந்த மாத்திரை மூளைக்குள் போய் என்ன செய்கிறது என்று ஒரு தாள். மனுஷன் ஒரு பழக்கத்தை எப்படிப் பிடித்துக்கொள்கிறான், எப்படி விடுகிறான் என்று இன்னொரு தாள். இரண்டையும் கரைத்துக் குடித்திருந்தாள். அப்பா இல்லாத வீடு. அம்மா, அவள், அவளுக்கு ஒரு தம்பி. அந்தத் தம்பிக்குக் காதில் குரல் கேட்கும்.

அந்தக் குரலுக்கு அவன் வைத்த பெயர் மேனேஜர். விடிந்ததிலிருந்து உத்தரவு போட்டுக்கொண்டே இருக்குமாம். சாப்பிடாதே, அம்மா அதில் ஏதோ கலந்திருக்கிறாள். ஜன்னலைத் திறக்காதே, எதிர்வீட்டுக்காரன் உன்னைத்தான் பார்க்கிறான். "லீவே எடுக்காத மேனேஜர்க்கா" என்று அவனே சொல்லிச் சிரிப்பான், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் நிற்கும். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, மேனேஜர் சொல்வதெல்லாம் பொய் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். எத்தனை தடவை கேட்டாலும் சளைக்காமல், யோசிக்காமல், பொய்டா என்பாள். அவனுக்கு அது போதும். ஆனால் ஒருநாள் அவள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து மேனேஜர் மாடியிலிருந்து குதிக்கச் சொன்னார். குதித்தான். கால் எலும்பு முறிந்ததோடு போனது நம் அதிர்ஷ்டம்.

மருந்து மாற்றி மருந்து மாற்றிப் பார்த்தாயிற்று. ஒன்று உடம்பை ஊத வைத்தது, ஒன்று கையை நடுங்க வைத்தது, மேனேஜரை ஒன்றும் அசைக்கவில்லை. கடைசியில் அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர்தான் க்ளோசபினைக் கையில் எடுத்தார். மற்றதெல்லாம் கைவிட்ட பிறகு கொடுக்கிற மருந்து அது. அதையும் தாண்டினால் அலமாரி காலி. ரத்தத்தைச் சோதித்துச் சோதித்து, கொஞ்சம் கொஞ்சமாக அளவை ஏற்றினார். மாதங்கள் போயின. ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே தம்பி வந்து அவள் அறை வாசலில் நின்றான்.

"மேனேஜர் ராஜினாமா பண்ணிட்டாருக்கா."

சமையலறையில் இருந்த அம்மா காதில் அது விழுந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அன்று அந்த வீட்டில் இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

அந்த மருந்துதான் அவனுடைய உயிர். இது மூன்று பேருக்கும் தெரியும்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு குறை. தம்பி சிகரெட்டை ஊதித் தள்ளுவான். ஒன்று அணையும்போது அடுத்தது பற்றும். அப்பா நுரையீரல் கெட்டுச் செத்ததும் அதே சிகரெட்டால்தான். அம்மாவுக்கு அந்த வாடையே ஆகாது. பாக்கெட்டைக் கண்டால் குப்பையில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். பெரிய டாக்டரும் ஒவ்வொரு தடவையும் சிகரெட்டைப் பற்றித் தவறாமல் விசாரிப்பார், கூடினாலோ குறைந்தாலோ முன்கூட்டியே தன்னிடம் சொல்ல வேண்டும் என்பார். எல்லா டாக்டரும் கேட்கிற கேள்விதானே என்று அக்காக்காரி தலையை ஆட்டிவைப்பாள்.

அப்போதுதான் அவள் பழக்கங்களைப் பற்றிய பாடத்தில் மூழ்கிக் கிடந்தாள். திட்டி எந்தப் பழக்கத்தையும் நிறுத்த முடியாது. விட்டால் உடனே கையில் ஒரு பரிசு கிடைக்க வேண்டும், அதுவும் அவன் உயிராய் ஆசைப்படுகிற பரிசாக இருக்க வேண்டும். பாடம் அவ்வளவுதான். யாராவது ஒருவரிடம் இதைச் செய்து பார்த்து, பரீட்சைக்காக எழுதிக் கொடுக்கவும் வேண்டியிருந்தது. வெளியில் ஆள் தேடுவானேன், தம்பி இருக்கிறானே என்று நினைத்தாள். அதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

உனக்கு என்னடா வேண்டும் என்று கேட்டாள். புது போன் கேட்பான், செருப்பு கேட்பான் என்று பார்த்தால், அவன் காலை ஆட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, உன்னோட செஸ் விளையாடணும் என்றான். சின்ன வயதில் இரண்டு பேரும் போர்டைச் சுற்றி அடித்துக்கொள்வார்கள். அவள் டாக்டரான பிறகு அந்தப் பெட்டி பரணுக்குப் போய்விட்டது. அதைத் தூசி தட்டி எடுத்தாள். சிகரெட் பிடிக்காத நாளில் சாயங்காலம் அவள் வந்து விளையாடுவாள். பிடித்தால் இல்லை. ஒப்பந்தம்.

சும்மா சொல்லக் கூடாது, பையன் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டான். ஒரே ஒருநாள்தான் சறுக்கினான். அன்று போர்டை விரித்து, காய்களை அடுக்கி, அவளுக்குப் பிடித்த வெள்ளையை அவள் பக்கம் வைத்துக் காத்திருந்தான். அவள் வந்தாள், வாடையைப் பிடித்தாள், ஒரு வார்த்தை பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாடத்தில் அப்படித்தான் இருந்தது: இளகினால் எல்லாம் கெட்டுவிடும். வெளியே அவன் காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போடுகிற சத்தம் கேட்டது. அதன் பிறகு அவன் சிகரெட்டைத் தொடவே இல்லை.

அம்மா மகளுக்குத் திருஷ்டி கழிக்காத குறை. பெரிய டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம்மா, அடுத்த தடவை நேரில் போய் அவரை அசத்தலாம் என்றாள் மகள். இந்த இடத்தில்தான் அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது.

கொஞ்ச நாளில் தம்பி தூங்க ஆரம்பித்தான். காலையில் எழுப்பினால் மதியம் எழுந்தான். தலையணை எச்சிலில் ஊறியது. தலை கனக்குது என்றான், கால் பின்னுது என்றான். சிகரெட்டை விட்டால் கொஞ்ச நாள் மந்தமாகத்தான் இருக்கும் என்று அக்கா அடித்துச் சொன்னாள். டாக்டர் மகளே சொன்னால் அம்மா ஏன் மறுத்துப் பேசப்போகிறாள்? ஒரு சாயங்காலம் ஆட்டத்தின் நடுவில் அவன் குதிரையைக் கையில் வைத்துக்கொண்டே கண் அயர்ந்தான். எழுப்பியதும் பதறிப்போய், நான் தூங்கலக்கா, ஆட்டத்தை நிறுத்திடாதே என்றான். அவளுக்குப் பரீட்சை நெருங்கியிருந்தது. உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. போய்ப் படுடா என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். மாத்திரை மட்டும் நாள் தவறாமல், அதே அளவில், அவள் கையாலேயே போய்க்கொண்டிருந்தது.

பரீட்சை வந்தது. மருந்துகளைப் பற்றிய தாள். பெரிய கூடம், தலைக்கு மேல் மின்விசிறிகள், போன்களை எல்லாம் வாசலிலேயே வாங்கிவைத்துக்கொண்டார்கள். அவள் மளமளவென்று எழுதிக்கொண்டு போனாள். மூன்றாவது கேள்விக்கு வந்தாள். க்ளோசபினில் நன்றாக இருந்த ஓர் இளைஞன். மருந்தின் அளவு மாறவில்லை. இப்போது ஓயாத தூக்கம், எச்சில் ஒழுகுகிறது, நடை தள்ளாடுகிறது. சமீபத்தில் புகைப்பதை நிறுத்தியிருக்கிறான். என்ன நடந்திருக்கும்?

சுலபமான கேள்வி. பேனா தானாக ஓடியது. சிகரெட் புகை ஈரலை முடுக்கிவிட்டு இந்த மருந்தை வேகவேகமாகக் கரைக்க வைக்கிறது. புகை நின்றால் ஈரல் நிதானமாகிவிடும், மருந்து கரையாமல் ரத்தத்தில் ஏறும். முன்பு அளவாக இருந்த மாத்திரை இப்போது அளவுக்கு மீறியதாகிவிடும். உடனே குறைக்காவிட்டால் வலிப்பு வரலாம்.

வலிப்பு என்று எழுதி முடிக்கவில்லை, கை நின்றுவிட்டது.

எழுதியதைத் திரும்பப் படித்தாள். ஊறிப்போன தலையணை, கையில் குதிரையோடு தூங்கிய முகம், இன்று காலையில் தண்ணீரோடு அவளே நீட்டிய மாத்திரை. எழுந்தாள். எழுந்து போனால் திரும்ப உள்ளே விட மாட்டோம் என்று கண்காணிப்பாளர் எச்சரித்தார். அவள் காதில் அது ஏறவே இல்லை. வாசலில் போனைப் பிடுங்கிக்கொண்டு அம்மாவை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் அழைத்தாள், மறுபடியும். கடைசியில் எடுத்தது பக்கத்து வீட்டுக்காரி. தம்பி குளியலறையில் விழுந்துவிட்டானாம், கைகால் வெட்டி வெட்டி இழுத்ததாம். ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருக்கிறார்களாம்.

அவள் தினமும் வெள்ளைக் கோட்டோடு நடக்கிற ஆஸ்பத்திரிதான். அன்றைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு எந்தப் பக்கம் என்று காவலாளியிடம் வழி கேட்டாள். வலிப்பு நின்றிருந்தது. ஆனால் விழுந்த நேரத்தில் எச்சிலும் வாந்தியும் நுரையீரலுக்குள் போயிருந்தன. வாயில் குழாய், கையில் ஊசி, பக்கத்தில் விட்டுவிட்டுக் கத்துகிற இயந்திரம்.

பெரிய டாக்டர் வந்தார். அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். சிகரெட்டை விட வைத்ததை, அவரிடம் சொல்லாமல் மறைத்ததை, தூக்கத்தைத் தப்பாக நினைத்ததை. அவர் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை.

"விட வெச்சது நல்ல காரியம்மா. ஒரு போன் போட்டிருந்தா அளவைக் குறைச்சிருப்பேன், அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' அவளை அறுத்தது. பிறகு அவர் மெதுவாக மற்றதைச் சொன்னார். ரத்தத்தில் மருந்து தாறுமாறாக ஏறியிருக்கிறது, இப்போதைக்கு நிறுத்தித்தான் ஆக வேண்டும். நுரையீரல் தேறும்வரை திரும்பத் தொட முடியாது. இந்த மருந்து இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் தூக்கிக் கொடுக்க முடியாது, இதயத்துக்கு ஆபத்து; முதல் படியிலிருந்து மறுபடி ஏறி வர வேண்டும். அதுவரைக்கும் அவன் தாங்குவானா என்று அவள் கேட்டாள். அவர் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பதில் அவளுக்கே தெரியும், அதையும் படித்திருந்தாள்.

வெளியே நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். நர்சுகள் பேசிக்கொண்டதை அரையும் குறையுமாகக் கேட்டிருக்கிறாள். மகளைக் கண்டதும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கைப்பையைத் திறந்தாள். உள்ளே ஒரு புது சிகரெட் பாக்கெட், ஒரு தீப்பெட்டி. புருஷனை அதற்குப் பறிகொடுத்தவள், மகனுடைய பாக்கெட்டைத் தேடித் தேடிக் குப்பையில் போட்டவள், கடைவாசலில் நின்று அதைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

"நிறுத்தினதாலதான் வந்துச்சுன்னாங்களே. ஒண்ணே ஒண்ணு பிடிச்சா இறங்கிடாதாடி?"

அவள் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இறங்காதும்மா, இறங்காது என்றாள். அந்தப் பாக்கெட்டை அம்மா அன்றைக்கு எறியவும் இல்லை.

நாட்கள் நகர்ந்தன. காய்ச்சல் இறங்கியது, வாயிலிருந்து குழாயை எடுத்தார்கள், வார்டுக்கு மாற்றினார்கள். உயிர் பிழைத்துவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். மருந்தை ஒரு துணுக்கு அளவில் மறுபடி ஆரம்பித்திருந்தார்கள். அவ்வளவு சின்ன அளவு எதையும் தடுக்காது.

அவள் பரீட்சையைத் தலைமுழுகிவிட்டு அவன் கட்டிலே கதியென்று கிடந்தாள். ஒரு மத்தியானம், அம்மா முகம் கழுவப் போயிருந்தபோது, வீட்டிலிருந்து எடுத்து வந்த செஸ் போர்டை மெத்தைமேல் விரித்தாள். வெள்ளையை அவன் பக்கம் வைத்தாள். அவன் காய்களைப் பார்க்கவில்லை. அறையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அங்கே ஒரு காலி நாற்காலி மட்டும்தான் இருந்தது.

"மேனேஜர் வேலைக்குத் திரும்பி வந்துட்டாருக்கா" என்றான். குரல் இன்னும் கரகரத்தது. சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மருந்து ஏறட்டும், அவரைத் திரும்பவும் துரத்திவிடலாம், நான் எங்கேயும் போக மாட்டேன் என்று என்னென்னவோ சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். அவள் சொல்வதையும் கேட்டான், மூலையையும் கேட்டான்.

"நான் மறுபடி சிகரெட் பிடிச்சா நீ விளையாட வர மாட்டேல்ல?"

"வருவேன்டா. நீ எத்தனை பிடிச்சாலும் வருவேன்."

அவன் போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றினான், அவிழ்த்தான். பிறகு சின்னப் பையனாக அவள் பின்னாலேயே சுற்றிய நாளில் கேட்பானே, அதே குரலில் கேட்டான்.

"நீ பாசத்துல விளையாட வரல, பரீட்சைக்காகத்தான் வந்தேன்னு மேனேஜர் சொல்றாரு. அவர் சொல்றதெல்லாம் பொய்தானேக்கா?"

எத்தனை வருஷமாக எத்தனை தடவை அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள், சளைக்காமல், யோசிக்காமல். இப்போதும் சொல்ல வாயைத் திறந்தாள். அவனையும் அந்தச் செஸ் ஒப்பந்தத்தையும் பற்றிப் பரீட்சைக்காக எழுதி முடித்து, கையெழுத்துப் போட்டு, வார்டு அலமாரியில் அவள் வைத்துவிட்டு வந்த தாள்கள் கண்முன் வந்து நின்றன. அந்த ஒரு கணம் அவள் நாக்கு எழவில்லை.

"பொய்டா" என்றாள், பிறகு.

ஆனால் அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தக் கணத்தையும் பார்த்துவிட்டான். அவள் விரல்களுக்குள்ளிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டு, மூலையில் இருந்த காலி நாற்காலியின் பக்கம் திரும்பி, சரி என்று தலையை ஆட்டினான்.