சீட்டு இல்லாத நோயாளி

“இன்னும் கொஞ்சம் தூக்கிப் புடி அன்பு. முதுவுல ஊக்கு குத்தணும்.”

அன்புச்செல்வி ஆஷ்லினின் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினாள். தூக்குவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. இருதயமேரி தங்கையின் கல்யாண ரவிக்கையை முதுகுப் பக்கம் இரண்டு விரற்கடை மடித்து ஊக்கு குத்தினாள். போதவில்லை. இன்னொரு மடிப்பு மடித்து இன்னொரு ஊக்கு குத்தினாள். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே ரவிக்கை இறுக்கிப் பிடிக்கிறது என்று தையல்காரரிடம் இரண்டு தடவை பிரித்துத் தைத்து வாங்கினார்கள்.

ஆஷ்லினுக்கு இருபத்தொன்பது வயது. விடியற்காலை ஐந்து மணிக்கு, விழுப்புரத்தில் புருஷன் வீட்டில், இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்த மூச்சை நிறுத்திக்கொண்டாள். இப்போது மணி ஒன்பது. வாசலில் சாமியானா போட்டாகிவிட்டது. கோயிலில் துக்க மணி அடித்தாகிவிட்டது. ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் அலெக்ஸ், தெரு முனையில் நின்று யார் யாருக்கோ போன் போட்டு, மூணு மணிக்கு எடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய அக்காதான் அன்புச்செல்வி. பக்கத்துக் காணை கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள்.

முப்பத்தெட்டு கிலோ இருக்கும் என்று இருதயமேரியின் மனசு தானாகக் கணக்குப் போட்டது. பார்த்த மாத்திரத்தில் ஆளின் எடையைச் சொல்லிவிடுவாள். பத்தொன்பது வருஷப் பழக்கம்.

திண்டிவனத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் அவளுக்கு வேலை. டோக்கன் கொடுக்க வேண்டும். வந்தவர்களை எடை மெஷினில் ஏற்றி, எடையையும் பிரஷரையும் சீட்டில் எழுதி, சீட்டோடு ஆளை உள்ளே அனுப்ப வேண்டும். டாக்டர் சீட்டைப் பார்த்துத்தான் பேசுவார். போன மாசம் அறுபது, இந்த மாசம் ஐம்பத்தாறா, என்னம்மா ஆச்சு என்பார். காலையில் எண்பது பேர், சாயங்காலம் எண்பது பேர் பார்க்கிற மனுஷருக்கு முகமா ஞாபகம் இருக்கும்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கணும் என்பார்கள். திண்டிவனத்தில் பாதி ஊருக்கு இருதயமேரிதான் பூசாரி. காலேஜ் புரொபசர்கூட அவளிடம் குழைந்துதான் டோக்கன் கேட்பார்.

அந்தப் பெருமை அவளுக்கு வேண்டிய மட்டும் இருந்தது. சொந்தபந்தம் வந்தால் டோக்கன் கிடையாது, ஃபீஸ் கிடையாது. இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் பின்கதவு வழியாக நுழைந்து, நின்றபடியே காட்டிவிட்டுப் போகலாம். நம்ம மேரி வீட்டு ஆளு என்று டாக்டரும் முகம் சுளிக்காமல் பார்ப்பார். காசு வாங்காத ஆளுக்குச் சீட்டு எதற்கு, எடை எதற்கு? ஒரு துண்டுக் காகிதத்தில் மருந்து எழுதிக் கொடுப்பார். போன வருஷம் தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை ஆஷ்லினும் அப்படித்தான் வந்தாள்.

“அக்கா, இங்க தொட்டுப் பாரு. நெறி கட்டின மாரி இருக்குது.”

கழுத்தில், காறை எலும்புக்கு மேலே, உரித்த வேர்க்கடலை அளவுக்கு ஒன்று இருந்தது.

“கால்ல கீல்ல புண்ணு ஆச்சா?”

“எதுவும் இல்லக்கா.”

“வலிக்குதா?”

“வலியே இல்ல.”

“அப்ப வுடு. வலிச்சாதான் பயப்படணும்.”

கிளினிக்கில் பத்தொன்பது வருஷம் இருந்தவள் சொல்லும்போது யார்தான் நம்பமாட்டார்கள்? இருந்தாலும் பின்கதவு வழியாகக் கூட்டிப்போய்க் காட்டினாள். டாக்டர் இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினார். ஈஸ்டர் கழிந்து மறுபடி வந்தாள். மே மாசம் மறுபடி வந்தாள். ஒவ்வொரு தடவையும் டாக்டர், எத்தனை நாளா இருக்கு என்று புதிதாகக் கேட்டார். ஆஷ்லின் பதில் சொல்வதற்குள் இருதயமேரி முந்திக்கொண்டு, கொஞ்ச நாளாத்தான் சார் என்பாள். உங்க மருந்து கேக்கல என்று அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

அதற்குள் ஆஷ்லினுக்கு உடம்பெல்லாம் அரிப்பு வந்தது. தோலில் தடிப்பு எதுவும் இல்லை, வெறும் அரிப்பு. ராத்திரி வேர்த்து ஊற்றி, தலையணை உறையைப் பிழியலாம் போல ஆனது. சித்திரை வெயில் யாரைத்தான் விட்டது என்றாள் இருதயமேரி. உடம்பு இளைத்தது. தவக்காலத்தில் ஒருசந்தி விரதம் இருந்து ஆஷ்லின் முகத்தில் ஒரு களை வந்திருக்கிறது என்று கோயிலில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவள் வேலை பார்த்த ஜவுளிக்கடையில், என்ன டயட்டுடி என்று கேட்டார்கள். நோய் தின்று தீர்த்துக்கொண்டிருந்த உடம்பைப் பார்த்து ஊரே பொறாமைப்பட்டது.

வாயுள்ள பிள்ளை பிழைச்சுக்கும் என்று அவர்களுடைய அம்மா சாகும்வரை சொன்னது ஆஷ்லினைத்தான். சின்ன வயசிலிருந்தே அவள் எதையும் கேட்காமல் விடமாட்டாள். ஜூலையில் நாலாவது தடவையாக வந்தபோது, டாக்டர் பேனாவை எடுப்பதற்குள் படபடவென்று ஆரம்பித்தாள்.

“சார், மார்ச்லேருந்து இருக்குது சார். மாத்திர சாப்ட்டும் கொறையல, வலியும் இல்ல. நைட்ல வேர்த்து ஊத்துது. எட்டு கிலோ எறங்கிட்டேன், பஸ் ஸ்டாண்டு மெஷின்ல பாத்தேன். கட்டிய எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பலாமா சார்? பயாப்ஸின்னு போட்டிருக்கான்...”

“யார் போட்டிருக்கான்?”

“ஃபோன்ல படிச்சேன் சார்.”

“அப்ப ஃபோனையே மருந்து எழுதச் சொல்லேன்” என்று டாக்டர் சிரித்தார். பெரிய கோபமெல்லாம் இல்லை. ஆனால் பின்னால் நின்றிருந்த இருதயமேரிக்குக் காது சூடாகிவிட்டது. ஆஷ்லின் விடாமல், இல்ல சார் என்று மறுபடி வாயைத் திறந்தாள். இருதயமேரி அவள் இடுப்பில் நகம் பதியக் கிள்ளினாள்.

ஆஷ்லின் பாதியில் நிறுத்தினாள். “சரிங்க சார்” என்றாள்.

வெளியே வந்ததும் இருதயமேரி பிடித்துக்கொண்டாள். “நாளைக்கி நான் அந்த மனுஷன் மூஞ்சில முழிக்கணும் தெரியுமா? காசு வாங்காம பாக்கிறாரு, அவருக்கே பாடம் நடத்திக்கினு. மானத்த வாங்கிட்டியேடி.”

“நீ கிள்ளனது வலிக்குதுக்கா” என்று மட்டும் சொன்னாள் ஆஷ்லின்.

டிபியா இருக்கலாம் என்று டாக்டர் ஆறு மாச மாத்திரை ஆரம்பித்தார். டிபி என்று தெரிந்தால் பேச்சு வரும், வீட்டில் சத்து மாத்திரை என்று சொல்லிக்கொள் என்றாள் இருதயமேரி. ஆஷ்லின் ஒரு கேள்வியும் கேட்காமல் விழுங்கினாள். மாத்திரையின் நிறம் இறங்கி ஒன்றுக்குச் சிவப்பாகப் போனது, அதையும் கேட்கவில்லை. ஆகஸ்டும் செப்டம்பரும் போயின. நவம்பரில் கடையில் மாடிப்படி ஏறும்போது மூச்சு அடைத்து உட்கார்ந்துவிட்டாள். அலெக்ஸ் ஆட்டோவிலேயே தூக்கிப்போட்டுப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே கட்டியை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். லிம்ஃபோமா என்று வந்தது. நெறி கட்டும் இடங்களில் வருகிற புற்றுநோய். நெஞ்சு, வயிறு, எலும்பு மஜ்ஜை எல்லாம் பரவியிருந்தது.

“எப்பலேருந்து கட்டி இருக்கு? பழைய சீட்டு எதாவது இருக்கா?” என்று கேட்டாள் அங்கே இருந்த பெண் டாக்டர்.

சீட்டு எங்கே இருக்கும்? ஊருக்கெல்லாம் எடை எழுதியவள் தங்கைக்கு ஒரு தடவைகூட எழுதவில்லை. ஆஷ்லின் வாயைத் திறக்கப்போனாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். பக்கத்தில் அலெக்ஸ் நின்றிருந்தான்.

“ரெண்டு மாசமா இருக்கும் மேடம்” என்றாள் இருதயமேரி.

ஆஷ்லின் தலையைக் குனிந்துகொண்டாள். பெண் டாக்டர் எழுதிக்கொண்டாள். மூன்றாம் நாள் வராந்தாவில் தனியாகப் பார்த்தபோது, “ஆரம்பத்துல புடிச்சா நல்லா கேக்கிற வியாதிம்மா இது, அதுவும் இந்த வயசுல” என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு இருதயமேரி திண்டிவனம் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். உட்கார இடம் இருந்தது. மூன்று தடவை கீமோ ஏற்றினார்கள். உடம்பு தாங்கவில்லை. பொங்கல் கழிந்து, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

“பெட்டி வந்துடுச்சிக்கா, முடிஞ்சிதா?” என்று அலெக்ஸ் உள்ளே வந்தான். கல்யாணப் புடவையில் கிடந்த பெண்டாட்டியைப் பார்த்ததும் அவன் முகம் கோணியது. சுவரைப் பிடித்துக்கொண்டான். பிறகு தன் அக்காவிடம், “இவங்க மட்டும் இல்லன்னா இவ்ளோ நாளுகூட இருந்திருக்க மாட்டா. ஆஸ்பத்திரி வெவகாரம் எனக்கு இன்னா தெரியும்? பெத்த தாயாட்டம் கூடவே நின்னு எல்லாம் பேசினாங்க” என்றான். கையெடுத்துக் கும்பிடப்போனான். இருதயமேரி ஆஷ்லினின் புடவை மடிப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள். செத்துவிடலாம் போல இருந்தது அவளுக்கு.

ஜெபமாலை எடுத்து வருகிறேன் என்று அவன் அடுத்த அறைக்குப் போனான். அவன் போனதைப் பார்த்துவிட்டு அன்புச்செல்வி நெருங்கி உட்கார்ந்தாள்.

“அக்கா, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான்” என்று முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். “பொங்கலுக்கு முன்னாலேருந்து இருக்குது. வலி கிலி எதுவும் இல்ல. காரியமெல்லாம் முடிஞ்சாப்புறம் உங்க டாக்டர்கிட்ட பின்பக்கமா கொஞ்சம் காட்டி வுடுறீங்களா?”

இருதயமேரி கை நீட்டித் தொட்டாள். ரப்பர் போல இருந்தது. விரலுக்கடியில் நழுவியது. இந்த மாதிரிக் கட்டி ஒவ்வொன்றும் புற்றுநோய் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஒன்றுமில்லாமலும் போகலாம். ஆனாலும் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

“ராத்திரில வேர்க்குதா?”

“கரும்பு வெட்டற ஒடம்பு, வேர்க்காம இன்னா பண்ணும்?”

“எங்க டாக்டர் வேணாம் அன்பு. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குப் போ. லைன்ல நின்னு சீட்டு போடு. எந்த மாசத்துலேருந்து இருக்குதுன்னு நீயே சொல்லு, எடை பாக்கச் சொல்லு. மாத்திரைக்குக் கொறையலன்னா கட்டிய எடுத்து டெஸ்ட் பண்ணுங்கன்னு கேளு. மொறச்சாலும் கேளு. ஒரு எடத்துல சொல்லலன்னா இன்னொரு எடத்துல கேளு.”

அன்புச்செல்வியின் முகம் சுண்டிவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

“தங்கச்சின்னா பின்வாசலு. நாங்கன்னா லைன்ல நிக்கணும். நாத்தனாதான நானு, சொந்தமா? ஆபத்துக்கு ஒரு வார்த்த கேட்டேன், அது தப்பாப் போச்சு. வுடுங்க, நான் சுண்ணாம்பு வச்சிக்கிறேன்.”

“அப்டி இல்ல அன்பு...”

“வேற எப்டிக்கா?”

அலெக்ஸ் ஜெபமாலையோடு வாசற்படியில் நிற்பதை இருதயமேரி அப்போதுதான் கவனித்தாள். எழுந்து போகத் திரும்பினாள் அன்புச்செல்வி. இவளை இப்படியே விட்டால் வீட்டுக்குப் போய்ச் சுண்ணாம்பு பூசிக்கொண்டு கரும்பு வெட்டப் போய்விடுவாள். வலிக்கிற வரைக்கும் யாரிடமும் காட்டமாட்டாள். அலெக்ஸ் நகர்ந்த பிறகு சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். அவன் நகரவில்லை.

“பின்வாசல்ல போனதாலதான் இவ இப்டி கெடக்கறா” என்றாள் இருதயமேரி. “ரெண்டு மாசம் இல்ல அன்பு. மார்ச்லேருந்து. எட்டு மாசம் கழுத்துல வச்சிக்கினு இருந்தா. நாலு தடவ நான்தான் கூட்டினு போனேன். ஒரு சீட்டு கெடையாது, எடை கெடையாது. கட்டிய எடுத்து டெஸ்ட் பண்ணலாமான்னு இவ கேட்டா. டாக்டர் முன்னால எனுக்கு மானம் போவுதுன்னு நான் கிள்ளி வாய மூட வச்சேன். அதுக்கப்புறம் எங்கியும் கேக்கல.”

வெளியே பெட்டியை இறக்கிய ஆட்கள் வழி விடச் சொல்லிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டு மாசம்னு சொன்னீங்களே” என்றான் அலெக்ஸ்.

“பொய் சொன்னேன் தம்பி.”

“அவ எங்கிட்டகூட சொல்லலியே.”

“அக்காவ வுட்டுக் குடுக்கக் கூடாதுன்னு இருந்துட்டா.”

அவன் உள்ளே வந்து ஆஷ்லினின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றினான். விரல்கள் மடங்கவில்லை. இருதயமேரி உதவிக்குக் கை நீட்டினாள். அவன் தோளால் தடுத்துவிட்டுத் தானே சுற்றி முடித்தான். அன்புச்செல்வி தன் கழுத்தை ஒரு கையால் பொத்தியபடி சுவரோரம் நின்றிருந்தாள். போவாளா மாட்டாளா என்று இருதயமேரிக்குத் தெரியவில்லை. கேட்கிற தைரியமும் இல்லை.

மூணு மணிக்கு எடுத்தார்கள். கோயிலில் பூசை முடிந்தது. கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்கள். வெயில் தாழவே இல்லை. சாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். கயிற்றில் பெட்டி இறங்கி அடியில் தட்டியது. வயசானவர்கள் குனிந்து மண் அள்ளச் சிரமப்படுவார்கள் என்று கோயில் உபதேசியார் ஒரு தாம்பாளம் நிறைய மண் எடுத்து அலெக்ஸின் கையில் கொடுத்தார். அவன் குழி ஓரத்தில் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு நின்றான்.

வரிசையாக வந்தார்கள். அவனுடைய மாமன்மார் வந்தார்கள். ஜவுளிக்கடைப் பெண்கள் யூனிபார்ம் புடவையோடு வந்தார்கள். அன்புச்செல்வி வந்தாள். அலெக்ஸ் ஒவ்வொருவருக்கும் எட்டும்படி தாம்பாளத்தைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தான். ஆளுக்கொரு பிடி எடுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

இருதயமேரி வந்து நின்றாள். அலெக்ஸ் தாம்பாளத்தைத் தரையில் வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் போய் நின்றான்.

அவள் முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு பிடி அள்ளினாள். பின்னால் இன்னும் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவள் எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தார்கள்.