சினைப் பேத்தை

பேத்தை மீன் வலையில் சிக்கினால் ராயபுரம் கரையில் அதைக் காலால் எத்தி மணலில் தள்ளுவார்கள். பந்து மாதிரி உப்பிக் கிடக்கும்; விஷமீன், காக்காய்கூடக் கொத்தாது. அந்த மீனைத்தான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜேக்கப் தெருவில் உட்கார்ந்து அறுத்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் கூட்டம்.

தங்கையைப் பார்க்க வந்த சிலுவைமுத்துவும் எதிரே ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து பார்த்தான்.

ஜேக்கப் அவன் தங்கை அடைக்கலமேரியின் புருஷன். துறைமுகக் கூலி. இரும்புத்தாது ஏற்ற வந்த ஜப்பான் கப்பலில் சமையல்காரன் பேத்தையைச் சுத்தம் பண்ணி, மெல்லிசாகச் சீவிப் பச்சையாகவே தின்றானாம். இவனுக்கும் ஒரு துண்டு கொடுத்தானாம். உதடு லேசாக மரத்ததோடு சரி. ஒரு வாரமாகத் தெருவில் இதே பேச்சு.

"இன்னா மச்சான், பொறந்ததுலேர்ந்து கடல்ல கீறே, இதைத் துன்னத் தைரியம் வரலியே உனுக்கு? ஈரலை எடுத்துட்டா ஒண்ணியும் ஆவாது. ஜப்பான்காரன் சொல்லிக் குடுத்தான்."

போன கிறிஸ்துமஸுக்கு இந்த ஜேக்கப் அறைந்த அறையில் மேரிக்கு முன்பல் இரண்டு போயிற்று. துடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த அண்ணனின் காலில் விழுந்து, புருஷன்மேல் கை வைப்பதில்லை என்று அவள் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அது தெரிந்த நாளிலிருந்து, அவன் வந்தால் போதும், ஜேக்கப் வேண்டுமென்றே அவன் கண்ணெதிரில் அவளை ஓர் அறை அறைவான்.

ஜேக்கப் ஈரலை வெட்டி எறிந்தான். உள்ளே மஞ்சளாக இரண்டு கொத்துச் சினை இருந்தது. கப்பலில் அவன் பார்த்த மீனில் சினை இல்லை போலிருக்கிறது. ஆசையாக எடுத்துத் தட்டில் வைத்தான்.

சிலுவைமுத்துவுக்குத் தெரியும்: ஈரலைவிடச் சினைதான் பொல்லாதது. அதைத் தின்ற நாய் பத்தடி தாண்டாமல் விழுந்ததை அவன் பார்த்திருக்கிறான். சொல்ல வாய் திறந்தான். மூடிக்கொண்டான். நான் கை வைக்கவில்லையே என்று நினைத்தான்.

மேரி மிளகாய் அரைத்துத் தடவிச் சினையை வறுத்துக் கொண்டுவந்தாள். ஜேக்கப் ஒரு கொத்தைக் கூட்டத்துக்குக் காட்டிக் காட்டித் தின்றான். தின்ற குஷியில் மிச்சத்தை அவளிடம் நீட்டினான்.

"இந்தாடி, நீயும் துன்னு."

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவன் தன் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அவள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தபடி வாங்கினாள்.

சிலுவைமுத்து பாய்ந்து தட்டைத் தட்டிவிட்டான்.

"வாயில வெக்காதே மேரி! சினை வெசம்!"

ஜேக்கப் மெதுவாகத் தலையைத் தூக்கினான்.

"தெரிஞ்சேவா குந்திகினு இருந்தே?"

வாந்தியெடுக்க ஜேக்கப்பின் வாயில் உப்புத்தண்ணீரை ஊற்றினார்கள், தின்றதில் பாதிகூட வெளியே வரவில்லை. ரிக்‌ஷாவில் ஏற்றும்போதே நாக்கு குழறிவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் கைகால் துவண்டு தொங்கின. கண் மட்டும் திறந்தே இருந்தது. மடியில் அவன் தலையைத் தாங்கியிருந்த சிலுவைமுத்துவையே பார்த்தது.

"ஒடம்புதான் அசையாது. நாம பேசறதெல்லாம் அவருக்குக் கேக்கும்" என்றார் டாக்டர்.

கட்டிலின் மறுபக்கத்திலிருந்து மேரி கேட்டாள். "சினைய எடுத்து வெச்சப்பவே பார்த்தியாண்ணா?"

"பார்த்தேன்."

"நான் வறுக்கசொல்லயும் பார்த்துகினு இருந்தே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"என் கையாலயே இல்ல குடுக்க வெச்சே" என்றாள்.

ஜேக்கப்பின் கண்ணோரம் நீர் வழிந்தது. யாரும் துடைக்கவில்லை. நாலு மணிக்கு மூச்சு நின்றது.

மறுநாள் சவப்பெட்டியைத் தூக்கும்போது சிலுவைமுத்துவும் தோள் கொடுக்கப் போனான். மேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பெட்டியைப் பிடித்திருந்த அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டாள். பெட்டி தெருமுனை திரும்பும்வரை அவன் அங்கேயே நின்றான்.