பல்லில் கடித்த பறி

1

“சரி, அந்த மீனு இன்னாத்துக்கு நைனா கரை ஏறிச்சு?”

“சரியாத் தெரியலக்கா. குட்டை வத்தியிருக்கலாம்னு சொல்றாங்க. காத்துல மூச்சு வுடக் கத்துக்கிச்சு, துடுப்பு காலாச்சு...”

“தண்ணி கலீஜாப் பூட்டிருக்கும். இல்லாங்காட்டி எவன் வூட்ட வுட்டு வருவான்?”

இந்தக் கதை பிறந்தது அங்கேதான். கேட்டவள் செங்கொடி, நெட்டுக்குப்பத்தில் எங்கள் பக்கத்து வீடு. கழிமுகத்தில் கழுத்தளவு நீரில் குந்தி நகர்ந்து, சேற்றைத் தடவி, வெறுங்கையால் இறால் பிடிப்பவள். நானோ உயிர்கள் நிலத்துக்கு வந்த கதையை எழுத உட்கார்ந்திருந்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘ஆதியில் வெதுவெதுப்பான நீர் இருந்தது. அதில் உயிர்...’

(அடித்துவிட்டேன். எங்கள் கழிமுகத்திலும் நீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. ஆலைகள் அனுப்பும் சூடு. அதில் எதுவும் பிறப்பதில்லை.)

அடுத்தது: ‘தண்ணீரில் நின்றபடி செங்கொடி பாடினாள்...’

படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். “பறிய பல்லுல கடிச்சிகினு எவடா பாடுவா?”

பறி என்பது பனையோலைக் கூடை. இரண்டு கைகளும் சேற்றில் துழாவுவதால் அதை வாயில் கவ்விக்கொள்வார்கள். தண்ணீரில் இருக்கும்வரை அவள் பேசியதே இல்லை. நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் கடலோடிகள் ஓயாமல் பேசுவார்கள். அதை நம்பி எழுதிவிட்டேன். நான் ஒருநாளும் அந்த நீரில் இறங்கியதில்லை.

3

இனி அவள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆலைச் சாம்பல் கலந்த சேறு அவள் விரல் நுனிகளை மரத்துப்போக வைத்துவிட்டது. இறால் முட்டினாலும் தெரிவதில்லை. திங்கட்கிழமை முதல் மாதவரத்தில் ஒரு லாரி ஷெட்டைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போகிறாள்.

முடிவு அ: விரல்கள் குணமாகின்றன. (பொய்.)

முடிவு ஆ: மாதவரத்தில் அவள் மெல்ல மெல்ல...

(இதற்கு மேல் வரவில்லை. துடுப்பு காலாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயின என்கிறார்கள். கரையேறிய அந்த ஒரு மீன் மறுநாள் என்ன செய்தது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.)

4

நேற்று பறியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். ஓலை விளிம்பில் அவள் பல் தடம்.

“எனக்கெதுக்குக்கா?”

“பேனாவாச்சும் போட்டு வை. அங்க இத்த வெச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்?”

“கதைக்கு முடிவு வரலக்கா. நீயே சொல்லு.”

“முடிவ நீ இன்னா வோணா வெச்சிக்கோ, இல்ல படிக்கிறவங்க கையில வுட்டுடு. நடுவுல மட்டும்...” விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள். “ஒரே ஒரு தபா, இறா முட்றது என் கைக்குத் தெரியறா மாதிரி எழுதேன் நைனா.”