மஷ்வாவைத் தொடாதவன்

பிப்ரவரியில் இறங்கிய உறைபனி அந்த மலையூரின் உருளைச் செடிகளை ஒரே இரவில் கருக்கிவிட்டது. பூச்சி அண்டாதிருக்க வயலோரம் நட்டிருந்த மஷ்வாக் கிழங்கு மட்டும் தப்பியது.

நிகாசியா அந்தக் கிழங்குகளைத் தோண்டி, காரம் தணிய வெயிலில் வைத்து, வேகவைத்தாள். ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும் அதைத் தின்று தெம்பாகத்தான் நடமாடினார்கள். அவள் கணவன் தோரிபியோ கிண்ணத்தைத் தள்ளிவிட்டான். மஷ்வா தின்றால் ஆண்மை போய்விடும் என்று கேட்டு வளர்ந்தவன் அவன். உருளையைவிட அதில் சத்து அதிகம் என்று விவசாய அலுவலகப் பெண் ஒருத்தி முன்பு வந்து சொன்னபோது, பக்கத்து வீட்டு சதுர்னினோ, "தின்னுட்டுப் பொண்டாட்டிக்குத் தம்பியாப் படுத்துக்கவா?" என்று கேட்டு ஊரையே சிரிக்கவைத்தான். இப்போது அவனும் வெட்கத்தை விட்டு அதைத்தான் தின்கிறான். அவனுக்கென்ன, ஐந்து பிள்ளைகள்.

தோரிபியோவுக்குப் பிறந்த ஒரே மகன் பெயர் வைப்பதற்குள் போய்விட்டான். அடுத்த மகனுக்காகக் காத்திருந்தான் மனிதன். காயவைத்துச் சேர்த்திருந்த உருளையும் தீர்ந்தபின் கோக்கா இலையை மென்று பசியை அடக்கினான். கன்னம் ஒட்டிப்போயிற்று.

பார்க்கப் பார்க்க நிகாசியாவுக்குப் பொறுக்கவில்லை. அந்த மகன் பிறந்தபோது, பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரியில் அவள் மயங்கிக் கிடக்கையில், ஒரு வார்த்தை கேட்காமல் அவளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்துவிட்டார்கள். கட்டு மாற்றிய நர்ஸ் சொல்லித்தான் அவளுக்கே தெரியும். மகனைப் புதைத்துவிட்டு வந்தவனிடம் இதையும் எந்த வாயால் சொல்வது? தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்டே வருடங்கள் ஓடிவிட்டன.

ஒருநாள் அவன் அடுப்பருகே சுருண்டு விழுந்தான். தூக்கிச் சாய்த்து உட்காரவைத்து, கிண்ணத்தை மடியில் வைத்தாள்.

"தின்னுய்யா."

"வேணாம்டி. நமக்குப் பையன் வேணும்ல?"

"வரமாட்டான்யா. நீ தின்னாலும் வரமாட்டான், தின்னாட்டியும் வரமாட்டான். அன்னிக்கே ஆஸ்பத்திரியில எனக்கு ஆபரேஷன் பண்ணிட்டாங்க. என்னைக் கேக்கவே இல்ல."

அப்போதே உனக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்றாள். திட்டுவான் என்று காத்திருந்தாள். அவனோ ஒரு கிழங்கை எடுத்துக் கடித்தான். பிறகு இன்னொன்று. கிண்ணம் காலியாகும்வரை தலை நிமிரவில்லை.

"இன்னும் இருந்தாப் போடு," என்றான்.

இதற்குத்தான் அவள் இத்தனை நாளும் கெஞ்சிக்கொண்டிருந்தாள். பானையிலிருந்ததை அள்ளிப் போட்டுக்கொண்டே அழுதாள். மகனைப் புதைத்த அன்றுகூட அவள் இப்படி அழுததில்லை.