கடைசிச் சுற்றில் சங்கு

யரினாவைப் பள்ளத்தில் குதிக்கப் பழக்கியவர் அவளுடைய மாஸ்டர் போஹ்தான்தான். உக்ரைனில் சூமி நகருக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் ஊரில் சைக்கிள் பந்தயத் தளம் குண்டு விழுந்து இடிந்ததிலிருந்து நெடுஞ்சாலையில்தான் பயிற்சி. வான் தாக்குதல் சங்கு ஊதினால் சைக்கிளை எறிந்துவிட்டுச் சாலையோரப் பள்ளத்தில் விழ வேண்டும். ஒருமுறை தயங்கினாள் என்று ஒரு வாரம் சைக்கிளைப் பிடுங்கி வைத்துக்கொண்டார் மனுஷன். "உசுர் போச்சுன்னா மெடலை எங்கடி மாட்டுவ?"

உக்ரைன் இளையோர் சைக்கிள் அணித் தேர்வை நாட்டுக்குள் நடத்த வழியில்லாமல் போலந்தில், காட்டோரச் சிமெண்டுத் தளமொன்றில் வைத்தார்கள். மிச்சமிருந்தது ஒரே இடம். கிடைத்தால் வெளிநாட்டுப் பயிற்சி. கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்; மறுபடி அதே ஊர், அதே சாலை. இறுதிப் பந்தயத்தில் எதிரே ஒரீஸ்யா. போர் தொடங்கிய வாரமே தாயோடு போலந்துக்கு வந்துவிட்டவள்.

கோட்டில் நிற்கும்போதே அவள் வம்புக்கு வந்தாள். "பயப்படாம என் முதுகைப் பாத்துக்கிட்டே வா."

"உன் முதுகைப் பாக்க நான் என்ன தையக்காரியா?" என்றாள் யரினா.

கடைசிச் சுற்றில் யரினாதான் முன்னால். ஜெயித்துவிட்டோம் என்று நெஞ்சு துள்ளியது. அப்போது பக்கத்து ஊரில் சங்கு ஊதியது.

அவள் யோசிக்கவேயில்லை. அந்த சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. மிதியைக் கால்களால் எதிர்த்து அமுக்கினால்தான் வேகம் குறையும். கால்கள் தாமாகவே அமுக்கின. உள்பக்கப் புல்லுக்கு இறங்கி, சைக்கிளை எறிந்து, குப்புற விழுந்து தலையை மூடிக்கொண்டாள். ஒரீஸ்யாவின் சக்கரங்கள் சர்ரென்று கடந்து போயின.

தீயணைப்புக்கு ஆள் கூப்பிடும் சங்கு அது. எங்கோ வைக்கோல் பற்றிக்கொண்டதாம். நடுவர் பரிதாபப்பட்டார், ஆனால் முடித்தவள்தான் ஜெயித்தவள்.

ஒரீஸ்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. "ஏன்டி எறங்கின?"

"சங்கு ஊதுச்சே."

"ஊதுச்சா?"

 பறிபோன இடத்தைவிட அந்தக் காதுகள்மேல்தான் யரினாவுக்குப் பொறாமையாக இருந்தது.

மாஸ்டரைத் தேடினாள். திட்டட்டும், அறையட்டும், யாராவது தன்மேல் கோபப்பட்டால் போதும் என்றிருந்தது. பார்வையாளர் படிகளுக்கு அடியிலிருந்து, முழங்கால் முழுக்க மண்ணோடு, அவர் தவழ்ந்து வெளியே வந்தார்.

"ஜெயிச்சியாடி?" என்று கேட்டார்.