வாயில் அடக்கிய குரவை

தொட்டியின் ஓரத்தில் காதை வைத்து, காற்றுப் போகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தான் குணநாயகம். பெண்சாதி பிள்ளை பெறும் நேரத்தில் மற்றப் புருசன்மார் வெளியே நின்று நகம் கடிப்பார்கள், கோயிலுக்கு நேர்த்தி வைப்பார்கள். இவனுக்கு வாய்த்தது பஞ்சர் பார்க்கும் வேலை. சுனாமிக்குப் பிறகு வந்த வெள்ளைக்காரத் தாதிமார், ஊருக்குத் திரும்பும்போது காத்தான்குடி மருத்துவமாது றமீஸாவிடம் விட்டுப்போன, தண்ணீருக்குள் பிள்ளை பெறுவதற்கான, காற்றடிக்கும் நீல றப்பர்த் தொட்டி அது. அதன் அடியில் இருந்த ஓட்டைக்கு, போன கிழமை ஓட்டோ ஸ்டாண்டில் வைத்து சைக்கிள் ட்யூப் துண்டு வெட்டி ஒட்டியவனும் அவன்தான். "என்ன குணமண்ணன், புதுத் தோணியா?" என்று ஸ்டாண்டில் கேட்டார்கள். "ஓமோம். ஒராள் ஏறிப் போனா ரெண்டு பேரா இறங்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

பகிடி விடுவதைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் சரியாக வராது. அதற்கு அவன் பெண்சாதி தக்ஷாயினியிடம் ஒரே பதில்தான் உண்டு: "வாய மூடுங்க." கலியாணம் முடித்த நாளிலிருந்து அவன் ஒன்று சொல்வான், அவள் அதைச் சொல்வாள். கடற்கரை வீட்டோடு மூத்தவள் மேனுகாவைக் கடல் கொண்டுபோன பிறகு, ஆரையம்பதியில் கட்டிக்கொடுத்த புது வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொண்டது பெரும்பாலும் இவ்வளவுதான்.

மேனுகாவை அவர்கள் பட்டணத்து ஆஸ்பத்திரி விறாந்தையில்தான் கண்டுபிடித்தார்கள். வரிசையாய்க் கிடத்தியிருந்த பிள்ளைகளுக்குள், சட்டையை வைத்து. இந்த முறை வயிற்றில் தங்கியதும் தக்ஷாயினி அவன் கையைப் பிடித்துச் சொன்னாள்: "அங்க மட்டும் என்னக் கொண்டு போகாதீங்க. செத்தாலும்." அவன் சத்தியம் பண்ணிக் கொடுத்தான். தன் வீட்டின் பக்கத்து அறையிலேயே பிள்ளைப்பேறு பார்க்கிற றமீஸாவிடம் வந்தது அதனால்தான். ஆனால் தொட்டியைக் கேட்டது தக்ஷாயினியேதான். கடலுக்குப் பிறகு, வாளியில் கோப்பையால் அள்ளி ஊற்றுவதைத் தவிர வேறு தண்ணீரை அவள் தொட்டதில்லை. றமீஸா தொட்டியைக் காட்டியபோது விரல் நுனியை மட்டும் உள்ளே விட்டு எடுத்து, "எடுத்த தண்ணி குடுக்கட்டும்" என்றாள்.

கத்தாமல், பயப்படாமல், பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல் பெறுகிற முறை அது. அதற்கு ஒரு குரல் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே இருக்கவேண்டுமாம். றமீஸா கொடுத்த ஆங்கிலத் தாளைத் தமிழாக்கும் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது. நோவு என்று சொல்லக்கூடாது, அலை என்று சொல்லவேண்டும் என்று இருந்தது அந்தத் தாளில். ஒரு அலை வருகிறது, அதன் மேல் மிதந்து போ. இதை எழுதியவள் எந்த நாட்டுக்காரியோ, அவளுக்குக் கடல் எப்போதும் நல்லதாகவே இருந்திருக்கும். அவர்கள் வீட்டில் நாலரை வருசமாக அந்தச் சொல்லை யாரும் எடுப்பதில்லை. தக்ஷாயினி வவுணதீவுக்காரி, வெள்ளாமைக்காரன் மகள். அவள் தகப்பனின் வட்டையில், கண்ணுக்கு எட்டிய வரைக்கும் நெல் விளைந்து நிற்கும்போது காற்று வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்தான். அலையை வெட்டிவிட்டு அதை எழுதினான். அவன் "காத்து வருது, கதிர் சாயுது" என்பான். அவள் மூச்சை விட்டபடி "கதிர் நிமிருது" என்பாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் சொன்ன ஒன்றுக்கு அவள் வேறு பதில் சொன்னாள்.

பிள்ளைப்பேறு அப்படியேதான் நடந்தது. வெளியே வெடி கொளுத்தினார்கள். சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. ஆமிக்காரர் ஸ்டாண்டுக்கு வந்து எல்லா ஓட்டோவுக்கும் கொடி கட்டச் சொன்னார்கள், அவனும் கட்டினான். ஏதாவது தோன்றவேண்டுமே என்று மனதைத் தொட்டுப் பார்த்தான். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல இருந்தது. உள்ளே ஃபேன் சுற்றியது. தக்ஷாயினி இளஞ்சூட்டுத் தண்ணீரில் கண்மூடிக் கிடந்தாள். அவள் சின்னம்மா ஆச்சிப்பிள்ளை மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். பிள்ளை விழுந்ததும் நாக்கைச் சுழற்றிக் குரவை போடவென்றே வந்தவள்.

"சின்னம்மா, இங்க குரவ கிரவ போடப்படாது. புள்ள வெருளும்" என்று றமீஸா மெல்லச் சொன்னாள்.

"அப்ப நான் என்னத்துக்குக் கா வந்த? செவருக்கு முட்டுக் குடுக்கவா?"

"உஷ்…"

காத்து வந்தது, கதிர் சாய்ந்தது, நிமிர்ந்தது. பின்னேரம் ஆம்பிளைப் பிள்ளை ஒன்று, கண்ணைத் திறந்தபடி, குளித்து முடித்த பெரிய மனுசன் கரையேறுவதுபோலத் தண்ணீரை விட்டு மேலே வந்தது. அழவில்லை. சுற்றிப் பார்த்தது.

"நெறம் நல்லம், மூச்சு நல்லம்" என்றாள் றமீஸா. "அழ வைக்காதீங்க. அழாட்டியும் புள்ளதான்."

நஞ்சுக்கொடியும் விழுந்தது. றமீஸா பிள்ளையைத் துடைத்துச் சுற்றி ஆச்சிப்பிள்ளையின் மடியில் வைத்துக் கொப்பூழ்க்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆச்சிப்பிள்ளை வாய்க்குள் புரண்ட நாக்கைக் கடித்து அடக்கிக்கொண்டாள். தண்ணீர் கொஞ்சம் சிவந்துதான் இருக்கும் என்று றமீஸா முதலிலேயே சொல்லியிருந்தபடியால் குணநாயகம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தக்ஷாயினியின் முகம் அவ்வளவு அமைதியாக இருந்தது. பயிற்சி பலித்துவிட்டது என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான். பெறாதவனுக்குத்தான் பெருமை கூட.

"என்ன புள்ள, சத்தமே இல்லாமப் பெத்துட்டாய்? சேத்தில கிடக்கிற எருமையும் இதவிடக் கத்துமே."

அவள் சிரித்தாள். "ஓம்" என்றாள்.

அவன் அவளுடைய வழக்கமான பதிலுக்குக் காத்துக்கொண்டே இருந்தான்; அது வரவில்லை. இன்னொன்று விட்டுப் பார்த்தான். "தொட்டிக்கு ஒட்டுப்போட்ட கூலிய உன்ர அப்பாட்டத்தான் கேக்கப் போறன்."

"ஓம்."

அப்போதுதான் தண்ணீரைப் பார்த்தான். அடியில் கிடந்த அவள் கால்கள் தெரியவில்லை.

"றமீஸா!"

அந்த அறையில் அன்று எழுந்த முதல் சத்தம் அதுதான்.

அவளைத் தூக்கியபோது அவன் இடுப்புச் சறம் நனையத் தண்ணீரும் சேர்ந்து வந்தது. றமீஸா ஊசி போட்டாள், வயிற்றை அழுத்தினாள், பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "ரெத்தம் தண்ணிக்குள்ள போனதால அளவு தெரியல்ல மகன். கெர்ப்பப்பை இறுகுதில்ல. ஆஸ்பத்திரிக்கு எடுக்கோணும், இப்பவே." அவனுடைய சத்தியம் ஞாபகம் வந்தது. ஆனால் ஒரு பாரமும் இல்லாமல், வேறு யாரோ கொடுத்த சத்தியம்போல வந்தது. ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணினான்.

பின்னால் றமீஸா தக்ஷாயினியை மடியில் கிடத்தி வயிற்றை அழுத்தியபடி இருந்தாள். ஆச்சிப்பிள்ளை பிள்ளையோடு ஓரத்தில் ஒடுங்கியிருந்தாள். காவலரணில் கொடியைக் கண்டு, நிறுத்தாமல் கைகாட்டி அனுப்பினார்கள். சென்றியில் காவல் நின்ற ஆமிக்காரன் ஒருவன் சிரித்தும் விட்டான். இவனும் திருப்பிச் சிரித்தான். ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய கல்லடிப் பாலத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து கொடிகளோடு லொறிகள் வந்துகொண்டிருந்தன. காத்து நின்றார்கள். வாவியிலிருந்து காற்று வீசியது.

"எங்க போறம்?" என்றாள் தக்ஷாயினி, சின்னக் குரலில்.

அவன் திரும்பவில்லை. "வட்டைக்கு. பாலத்தத் தாண்டினா உங்கட வட்டதானே. காத்து வருது புள்ள, கதிர் சாயுது."

பின்னாலிருந்து "கதிர் நிமிருது" வரவில்லை. லொறிகள் முடிந்தன.

ஆஸ்பத்திரி விறாந்தைக்குப் புதுச் சீமெந்து போட்டிருந்தார்கள். மேனுகா கிடந்த இடம் எது என்று பார்த்தான். எல்லா இடமும் ஒன்றுபோலவே இருந்தது. தள்ளுவண்டி உள்ளே போனது, றமீஸாவும் கூடவே போனாள், கதவு சாத்தப்பட்டது. வாசலிலிருந்து கதவு வரைக்கும் இளஞ்சிவப்பில் ஒரு ஈரக்கோடு கிடந்தது. துடைக்க வந்த ஆளிடம், "அண்ணன், கொஞ்சம் பொறுங்க" என்றான். ஏன் என்று அவனுக்கே தெரியாது. அந்த ஆள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நின்றார்.

மதிலுக்கு வெளியே வெடிச்சரம் ஒன்று வெடித்தது. பிறந்ததிலிருந்து வாயே திறக்காத பிள்ளை, முகம் சுளித்து, கைகளை விரித்து வீரிட்டது.

"ஓ… ஓ… ஒண்டுமில்லடா மகன்" என்று ஆச்சிப்பிள்ளை அவசரமாகத் தட்டினாள்.

"விடுங்க மாமி, தட்டாதீங்க." அவன் பிள்ளையை வாங்கினான். "அமைதியாப் பெத்தது போதும். நல்லாக் கத்து மனே. உன்ர கொம்மா உள்ளதான் இரிக்கா. வாய மூடு எண்டு சொல்லுமட்டும் கத்து."

கதவடியில் குந்தி, பிள்ளையின் முகம் கீழ் இடுக்குப் பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டான். ஈரக்கோடு கரையிலிருந்து காயத் தொடங்கியிருந்தது. ஆச்சிப்பிள்ளை தூணுக்கு அப்பால் போய் வெற்றிலையைத் துப்பினாள், பைப்பில் வாய் கொப்பளித்தாள். திரும்பி வந்து அவன் பக்கத்தில் நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாக்கை நனைத்து, குரவைக்கு உதடுகளைக் குவித்தபடி கதவின் கைபிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.