நிக்காஹ் அன்று பிடித்த மழை

மகனின் நிக்காஹ் அன்று ராஜபாளையம் மஹாலில் வந்து இறங்கிய அப்ரோஸ் பேகம், மணப்பெண்ணைக் காணாமல் திகைத்துப் போனாள். அறையில் நகைப்பெட்டி திறந்தபடி கிடந்தது. சப்ரீனைக் காணவில்லை.

"மொட்டை மாடியில இருக்கா மைனி," என்றாள் பெண்ணின் அம்மா சுமையா, அழாத குறையாக. "புயல் மழையாம். ரெண்டு வருஷமா இதுக்குத்தான் காத்துக் கெடந்தாளாம்."

அப்ரோஸ் பேகம் விறுவிறுவென்று படியேறினாள். கல்யாணப் பட்டுக்கு மேலே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, புனல் வைத்த கேனில் சேர்ந்த மழைத்தண்ணீரைச் சின்ன பாட்டிலுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள் வருங்கால மருமகள். கிருஷ்ணன்கோவில் பல்கலைக்கழகத்தில் மழையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்று பெண் பார்க்கப் போனபோதே சொன்னார்கள். கல்யாணத்தன்றும் செய்வாள் என்று யாரும் சொல்லவில்லை.

"தப்பா நினைக்காதீங்க மாமி. அரை மணிக்கு ஒருக்கா பிடிக்கணும். எட்டு மணிக்கு ஆரம்பிச்சுட்டேன்."

"நிக்காஹ் பதினொண்ணரைக்கு. அப்ப எப்படி மேல வருவே?"

மூக்கு நுனியில் மழை சொட்ட, சப்ரீன் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். திட்டுவதற்கென்றே ஏறி வந்த அப்ரோஸ் பேகத்துக்கு வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது.

"கொண்டா இங்க. நான் பிடிக்கேன். நீ போய் தலையைத் துவட்டு."

பாட்டில் கழுத்துவரை நிறைய வேண்டும். உள்ளே காற்றுக்குமிழி இருக்கக் கூடாது. மூடியை இறுக்கி, நேரத்தை எழுதி, கேனைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். சப்ரீன் இரண்டு தடவை சொல்லிவிட்டு இறங்கினாள்.

பத்து மணிக்குள் விஷயம் மஹால் முழுக்கப் பரவிவிட்டது. "மணியாச்சு, மாப்பிள்ளை அம்மா மேல போங்க!" என்று பந்தியிலிருந்தே குரல் கொடுத்தார்கள். ஒருத்தி குடை பிடிக்க, ஒருத்தி மூடி திருக, மாடிப்படியில் பெண்களின் சிரிப்புச் சத்தம் மழையை மிஞ்சியது.

பதினொன்றரைக்கு, கீழே சப்ரீன் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்ட நேரத்தில், மழை சற்று ஓய்ந்திருந்தது. கேனில் அரை பாட்டில்தான் தேறியது. "மைனி, துஆ ஓதப் போறாக, சீக்கிரம் வாங்க!" என்று கீழிருந்து கூப்பிட்டார்கள். கழுத்துவரை நிறைய வேண்டுமே. மாடிப்படி மூலையில் குடிதண்ணீர் கேன் இருந்தது. அப்ரோஸ் பேகம் அதிலிருந்து பிடித்து நிரப்பி, நேரத்தை எழுதிவிட்டு ஓடினாள். பிரியாணி வாசத்திலும் சலாம் சொல்வதிலும் அது அடியோடு மறந்து போனது.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் சப்ரீன் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கத்தினாள். "மாமி, ரிசல்ட் வந்துருச்சு!"

புருஷன் அனஸையும் மாமியையும் இரண்டு பக்கமும் உட்கார வைத்துக்கொண்டு விளக்கினாள். "தண்ணியிலயே கனமானது, லேசானதுன்னு உண்டு. மேகம் கொட்டிக்கிட்டே வரும்போது கனமானது முந்தி விழுந்துரும். லேசானது மிஞ்சும். எம்புட்டு லேசுன்னு பாத்தா, மேகம் எம்புட்டு கொட்டிட்டு வந்துச்சுன்னு தெரியும். பாருங்க, லேசாக லேசாக கோடு இறங்கிட்டே வருது. பதினொண்ணரைக்கு மட்டும் குபுக்குன்னு மேல ஏறுது!"

"அது ஏன்?" என்றான் அனஸ்.

"வறண்ட காத்து நடுவுல புகுந்திருக்கணும். துளி விழும்போதே லேசானது ஆவியாப் போயி, கனமானது மிஞ்சியிருக்கும். இதை வச்சே தனியா கட்டுரை எழுதலாம்னு எங்க கைடு சார் சொல்லுதாரு!"

பதினொண்ணரை என்றதும் அப்ரோஸ் பேகத்துக்குக் குடிதண்ணீர் கேன் ஞாபகம் வந்தது. எழுந்து அடுப்படிக்குப் போனாள். பிசைந்த மாவையே திரும்பவும் பிசைந்தாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. சொன்னால் அந்தப் பிள்ளையின் முகம் வாடும். ஆனால் பொய்யை அது கட்டுரையாக எழுதிக் கொண்டுபோய்ப் பத்துப் பேர் முன்னால் வாசிக்குமே! சாயங்காலம் அசர் தொழுது முடித்ததும் நேரே மருமகள் முன்னால் போய் நின்றாள்.

"ஏம்மா, அந்தப் பாட்டில்ல பாதிதான் மழை. மீதி கேன் தண்ணி. நான்தான் ஊத்துனேன்."

சப்ரீன் அவளையே பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் அப்ரோஸ் பேகம் நினைத்தாள். அவளோ தரையில் சரிந்து உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"கேன் தண்ணிய வறண்ட காத்துன்னு ஊருக்கே சொல்லியிருப்பேனே மாமி! நல்ல வேளை, சொன்னீங்க!"

உடனே சாருக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கமும் சிரிப்பு. அந்த ஒன்றை எடுத்துவிடலாம், மீதிப் பதினேழு பாட்டிலே போதும் என்றார் அவர்.

கைவிட்டுப் போன கட்டுரைக்காகச் சப்ரீன் சிணுங்கக்கூட இல்லை. அப்ரோஸ் பேகத்துக்கு உடம்பே லேசானது. பக்கத்தில் உட்கார்ந்து, "சரி, மத்த பதினேழும் என்ன சொல்லுது?" என்றாள்.

"கடல்லயும் ராமநாதபுரம் பக்கமும் கொட்டித் தீத்துட்டுத்தான் மேகம் நம்மகிட்ட வந்திருக்கு. சாயங்காலம் பிடிச்சதுதான் எல்லாத்துலயும் லேசு."

"அம்புட்டு கொட்டிட்டு வந்துமா அன்னைக்கு நம்ம தெருவுல முழங்கால் தண்ணி!" அப்ரோஸ் பேகம் வாயைப் பிளந்தாள். பிறகு கேட்டாள்: "நம்ம வீட்டு மாடியிலயும் ஒரு கேன் வச்சா? ராஜபாளையத்து மழையும் நம்மூரு மழையும் ஒண்ணா வேறயான்னு பாக்கலாம்லா?"

அதைக் கேட்கத்தான் கல்யாணமான நாளிலிருந்து சப்ரீன் தயங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறே அனஸ் மாடியில் கேன் வைக்கக் கம்பி கட்டினான். புனல் கோணலாக இருக்கிறது என்று கீழேயிருந்து மாமியும், நேராகத்தான் இருக்கிறது என்று மேலேயிருந்து மருமகளும் கத்திக்கொண்டிருந்தார்கள்.